பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

அறந்தாங்கி நெல்மண்டித் தெருவில் அடைக்கலத்தின் மனைவி பவளக்கொடியின் குரல் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பி, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இடது பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த சின்னக் கறுப்பு ஸ்பீக்கருக்குக் குடிபோன நாளில், தெருவில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. தண்ணீர் லாரி வந்தது, பக்கத்து வீட்டுக் கமருன்னிசா யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், வெயில் வழக்கம்போல அடித்தது. ஒரு பொம்பளையின் குரல் போவதற்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடைக்கலம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமான புதிதில் போனவர், மகள் சாருமதி பிறந்ததையும் நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் வயசுக்கு வந்ததையும் போனிலேயே கேட்டு முடித்தவர். அங்கே ஒரு பணக்காரர் வீட்டில் ஏசி பார்க்கப் போனபோது, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அந்த ஆள் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, அவரைச் சுற்றி மழை பெய்துகொண்டிருந்ததைக் கேட்டார். தண்ணீர் இல்லாத மழை, வெறும் சத்தம், முன்னால் இடி, பின்னால் ஓட்டுக் கூரையில் சொட்டு, பக்கத்தில் யாரோ குடையை மடக்கும் ஓசை. அன்றைக்கே அடைக்கலம் முடிவு செய்துவிட்டார், ஊருக்குத் திரும்பினால் இப்படி ஒரு சோபாவில் உட்காருவதற்குத்தான் திரும்புவது என்று. அப்படியேதான் திரும்பினார். மகளுக்குச் சாக்லேட், மனைவிக்குக் கோடாலித் தைலம், தனக்கு ஒரு ரிசீவரும் அதன் ஸ்பீக்கர்களும். ரிசீவர் வந்த அட்டைப்பெட்டியைக் கம்பளியில் சுற்றி, திருச்சி விமான நிலையத்திலிருந்து வேனில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். சாருமதி பிறந்தபோது மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு லீவு கிடைத்திருக்கவில்லை.

ரிசீவர் என்பது ஒரு கனமான இரும்புப் பெட்டி. டிவியிலிருந்தும் பாட்டுத் தட்டிலிருந்தும் வரும் சத்தத்தை வாங்கி, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் குதிர் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஊஃபர் ஒன்று என்று எல்லா ஸ்பீக்கருக்கும் அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கொடுப்பதற்குமுன் அதற்கு அறையைத் தெரிந்தாக வேண்டும். அதற்காக அதோடு ஒரு சின்ன மைக் வரும். அதைச் சோபாவில் காது இருக்கும் உயரத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டை அமுக்கினால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக 'டுப்', 'டுப்' என்று சத்தம் விட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, சுவர் எங்கே, ஆள் எங்கே என்று புரிந்துகொள்ளும். இதற்குச் செட்டிங் போடுவது என்று பெயர். செட்டிங் போடும்போது அறையில் வேறு சத்தம் கூடாது.

அடைக்கலம் ஃபேனை நிறுத்தினார், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார், ஜன்னல்களைச் சாத்தினார், கமருன்னிசாவிடம் போய்த் தையல் மிஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார், பிளஸ் டூ முடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த சாருமதியிடம் புத்தகத்தின் பக்கத்தைக்கூடப் புரட்டாதே என்றார். பவளத்திடம் மட்டும் சொல்லவில்லை. அடுப்படியில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் வாய் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கத்து இடது ஸ்பீக்கரின் முறை வந்து அது 'டுப்' என்ற அதே நொடியில் அடுப்படியிலிருந்து பவளம், "ஏங்க, கொழம்பு ஆறுது, சாப்புட வர்றீகளா?" என்றாள்.

டிவியில், செட்டிங் முடிந்தது என்று எழுத்து வந்தது.

"செத்த நேரம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி? எல்லாம் போச்சு!" என்று அடைக்கலம் கத்தினார்.

"எங்கிட்டச் சொன்னீகளா நீங்க?"

கேள்வி அடுப்படியிலிருந்து வரவில்லை. சோபாவுக்குப் பின்னாலிருந்து, இடது பக்கச் சுவரிலிருந்து வந்தது. அடைக்கலமும் சாருமதியும் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பவளம் அடுப்படி நிலையில் கையில் கரண்டியோடு வந்து நின்று வாயை அசைத்தாள். "என்னங்க இது, எங் கொரலு எங்கேயோ போயிக் கேக்குது?" என்றது சுவர்.

அடைக்கலம் பதறவில்லை என்று சொல்ல முடியாது. பதறித்தான் போனார், ஆனால் எதற்கும் செட்டிங் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போமே என்று ஒரு பாட்டைப் போட்டார். போட்டதும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மஸ்கட்டில் கேட்ட மழையை விடச் சுத்தமான மழை. தபேலாவின் மேல் விரல் வைத்து எடுப்பது தெரிந்தது, பாடுகிறவள் மூச்சு வாங்குவது தெரிந்தது. அவர் சோபாவில் சாய்ந்தார். பின்னாலிருந்து பவளத்தின் குரல் அழுது அரற்றிக்கொண்டிருந்தது, பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். பவளத்தின் அழுகையும் குறைந்தது.

மறுநாள் அவள் கேட்டாள், அதற்கு அடுத்த நாளும் கேட்டாள், சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் சுவரில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்: "மறுபடி ஒருக்கா அந்த மைக்க வச்சு அமுக்குங்க. எங் கொரலு எங்கிட்ட வந்துரும்."

"பழைய செட்டிங் அழிஞ்சுல்ல போயிரும்? இப்ப அமைஞ்ச மாதிரி மறுபடி அமையாது பவளம். நீ பேசறது கேக்குதுல்ல? அப்புறம் என்ன?"

கேட்கத்தான் செய்தது. அதுதான் தெருவின் வாதமும். ஊமையாகவா போய்விட்டாள், நல்லவேளை, பேச்சு எங்கிருந்து வந்தால் என்ன என்றது தெரு. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில் டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லையென்று சத்து மாத்திரை எழுதினார். ரிசீவர் கம்பெனிக்குப் போன் செய்ததில், ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தால் அது கோளாறு ஆகாது, வராவிட்டால்தான் ஆளனுப்புவோம் என்றார்கள். ஒரு வாரம் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு காரியமாக வர ஆரம்பித்தார்கள். பவளத்திடம் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கேட்க வேண்டுமானால் ஹாலுக்குள் வந்து, சோபாவைச் சுற்றிப்போய், சுவரைப் பார்த்து நின்று கேட்க வேண்டும் என்று தெருப் பொம்பளைகள் பழகிக்கொண்டார்கள். பவளம் பக்கத்திலேயே நின்று வாயசைத்தாலும் அவளைப் பார்ப்பதில்லை. பதில் வரும் இடத்தைத்தானே பார்ப்பார்கள். போகும்போது ஸ்பீக்கரிடம் வரேன் பவளம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கரண்ட் போனால் பவளத்துக்குப் பேச்சில்லை. அதற்கும் ஊர் பழகியது. பவளம் வாசலில் நின்று கையை ஆட்டினால், "இவளுக்குக் கரண்ட் இல்ல, வந்த பெறகு கேட்டுக்கலாம்" என்று தாண்டிப் போனார்கள். அவளுடைய அண்ணன் போன் செய்தால் சாருமதி போனைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு முன் பிடிப்பாள். சினிமா போடும் நேரத்தில் பவளம் பேசினால் வில்லன் பேசும்போது பின்னாலிருந்து யாரோ உப்புப் போதுமா என்று கேட்பதுபோல் இருந்ததால், சினிமா நேரத்தில் அடைக்கலம் பின்பக்க ஸ்பீக்கர்களை மட்டும் தாழ்த்திவைக்கக் கற்றுக்கொண்டார். ஆயுத பூஜைக்கு எல்லா ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பின்பக்கத்து இடது ஸ்பீக்கருக்கு மட்டும் யாரோ ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றினார்கள். பூஜையில் வைத்த மிஷினை மறுபூஜை முடியும்வரை ஓட்டக் கூடாது என்பது சாஸ்திரம் ஆதலால், அன்று முழுக்கப் பவளம் வாய் அசைத்தபடி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

ஆம்பளைகள்தான் அதிகம் வந்தார்கள். பாட்டுக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து, அடைக்கலத்தின் கையிலிருக்கும் ரிமோட்டையே பார்த்தார்கள். "அண்ணே, இது மஸ்கட்ல மட்டுந்தான் கெடைக்குமா, நம்ம பக்கமும் வருதா?" என்று விசாரித்தார்கள். சிரிப்பாகத்தான் கேட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன நினைத்தார்களோ.

கமருன்னிசா ஒருத்திதான் சுவரைப் பார்க்காமல் பவளத்தின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "உன் வாய்க்கும் சொல்லுக்கும் நடுவுல ஒரு ஆம்பள ரிமோட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரேடி" என்றாள். பவளம் சிரித்தாள். சிரிப்பும் சுவரிலிருந்துதான் வந்தது.

அந்த ரிமோட்டில் ஒரு பொத்தான், எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக நிறுத்துவது. அதை அடைக்கலம் முதன்முதலில் பவளத்துக்காகவே அமுக்கியது சாருமதியின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது. சாருமதிக்குத் திருச்சியில் கணக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. ராத்திரி பகல் பாராமல் படித்து வாங்கிய இடம். ஆனால் பேராவூரணியில் அரிசி வியாபாரம் செய்துகொண்டிருந்த அடைக்கலத்தின் அக்கா வள்ளிக்கண்ணு, தன் மகன் முருகானந்தத்துக்குச் சாருமதியை எடுப்பதென்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்திருந்தாள். தம்பி திரும்பி வரட்டும் என்றுதான் காத்திருந்தாள்.

"புள்ள படிக்கட்டும்ங்க. நான் அவளப் படிக்க வைக்கிறேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். நீங்க அங்க இருந்தப்ப நாந்தானே வளத்தேன்? எனக்குச் சொல்ல..." என்று சுவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் வெட்டினாற்போல் நின்றது. அடைக்கலம் ரிமோட்டைச் சோபாவின் கைப்பிடிமேல் வைத்தார். பவளம் நடுஹாலில் நின்று வெகுநேரம் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். பெண் கேட்டு வந்து உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு வெற்றிலையை மடித்தபடி, "இப்பத்தாண்டா தம்பி இந்த வீடு வீடா இருக்கு" என்றாள்.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தில் அப்பன் சொல்வது செல்லாது. பெற்றவள் சபையில் வாய் திறந்து 'கொடுத்தோம்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும், அதற்குப் பையனின் தாய் 'எடுத்தோம்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பெற்றவள் சொல்லாமல் தட்டு மாற்ற முடியாது. பவளம் இதையே நம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எப்படியும் என் குரலைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று, அடைக்கலம் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் சாருமதியிடம் சொன்னாள். "சபையில சொல்லிர்றேன். வீட்டுக்குள்ள சொன்னாத்தானே அமுக்குவாக? இத்தனை பேர் காதுல விழுந்துட்டா அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?" சாருமதி அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். எந்தப் பக்கம் திரும்பிக் கட்டிக்கொள்வது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு அம்மாவையே கட்டிக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு ஹால் நிறைந்து வாசல் நிறைந்து தெருவில் சாமியானா போட வேண்டியதாயிற்று. பாதிப் பேர் பெண்ணைப் பார்க்க வந்தார்கள், மீதிப் பேர் ரிசீவரைக் கேட்க வந்தார்கள். அடைக்கலத்துக்கு அன்று தலை கால் புரியவில்லை. பெற்றவளின் சொல் ஒரு மூலையிலிருந்து வந்தால் சபைக்கு மரியாதை இல்லையென்று, ஐந்து ஸ்பீக்கரிலும் ஊஃபரிலும் சேர்ந்து வருகிற மாதிரி மாற்றிவைத்து, சத்தத்தையும் ஏற்றினார். பங்காளிகளில் மூத்தவர் எழுந்து, "பெத்தவ சொல்லட்டும்" என்றார். சாருமதி பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

பவளம் வாயைத் திறந்தாள். "கொடுக்கலை" என்றாள்.

நாலு சுவரும் சொன்னது. தரை சொன்னது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தாம்பாளத்திலிருந்த தேங்காய் அதிர்ந்தது, சாமியானாவுக்கு அடியில் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது.

"அடேயப்பா!" என்றது சபை.

"கொடுக்கலை. நான் எம் மகளைக் கொடுக்கலை" என்று பவளம் இரண்டாம் முறை சொன்னாள்.

"ஆளு பக்கத்துல நின்னு காதுல சொல்ற மாதிரில்ல இருக்கு!" "பாரேன், மூச்சு வாங்குறதுகூடத் தெரியுது." "அந்த ஊஃபர்ல கைய வச்சுப் பாருங்க மாப்ள, நெஞ்சு துடிக்கிற மாதிரி இருக்கும்." ஆளாளுக்கு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் காதை வைத்துப் பார்த்தார்கள். குழந்தையைத் தூக்கி ஊஃபர்மேல் உட்காரவைத்தார் ஒருவர். குழந்தை சிரித்தது, சபையும் சிரித்தது.

பவளம் அழுதபடி மூன்றாம் முறை சொன்னாள். அழுகை அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூத்தவர் விரலை மடித்து மூன்று ஆயிற்று என்று தலையாட்ட, வள்ளிக்கண்ணு கணீரென்று "எடுத்தோம், எடுத்தோம், எடுத்தோம்" என்றாள்.

"என்னங்க இது? அவ வேணாம்னுல்ல சொல்றா!" என்று கமருன்னிசா எழுந்து நின்று கேட்டாள்.

"இருங்கம்மா, நீங்க அந்த ஓரத்துல நின்னா சரியாக் கேக்காது. நடுவுல வந்து நில்லுங்க" என்று ஒருவர் அவளுக்கு இடம்விட்டார். தட்டு மாற்றினார்கள். இவர்கள் செவிடர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது, அவ்வளவு நன்றாக விழுந்ததால்தான் என்ன சொல்கிறாள் என்று யாரும் பார்க்கவில்லை.

முருகானந்தம் கெட்ட பையன் இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிற பையன், சிகரெட்டு இல்லை, குடி இல்லை. நிச்சயம் முழுக்க அவன் சாருமதியை இரண்டு தடவையும் ரிசீவரை மற்ற நேரமெல்லாமும் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு முடிந்து வெற்றிலைபாக்கு வைத்தபோது, தாய்மாமனிடம் மாப்பிள்ளை ஏதாவது ஒன்று கேட்கலாம், மாமன் தட்டக் கூடாது என்பதால், "மாமா, எனக்குப் பைக்கெல்லாம் வேணாம். இந்த செட்டு போதும்" என்றான்.

அடைக்கலத்தின் முகம் செத்துப்போனது. மனைவியின் குரல் போகிறதே என்று இல்லை, செட்டிங் போகிறதே என்று. "அறை மாறினா மறுபடி செட்டிங் போடணுமே மாப்ள, பழசு அழிஞ்சுரும்" என்று முனகினார். அப்போது பவளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வேகவேகமாகத் தலையை ஆட்டி, ரிசீவரைத் தொட்டு, மாப்பிள்ளையைக் காட்டினாள். தட்டு மாற்றியதும் செட்டை நிறுத்திவிட்டிருந்ததால், கொடுங்கள், கொடுங்கள் என்று கையால் சொன்னாள். அதை மட்டும் சபை சரியாகப் புரிந்துகொண்டது. "இதல்லவா தாய் மனசு! தங் கொரலையே சீராக் குடுக்குறா பாருங்க" என்று மூத்தவர் கண்ணைத் துடைத்தார். சபையில் கேட்டுவிட்டதால் அடைக்கலம் சரி என்றார். ஏழு ஸ்பீக்கர் வைத்தது ஒன்று புதிதாக வந்திருக்கிறதாமே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து, செட்டைப் பெட்டியில் கட்டுவதற்குமுன், சாருமதி பின்பக்கத்து இடது ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றாள். பவளம் அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அங்க போனதும் செட்டிங் போடுவாக. பழசு அழியும். அழிஞ்சா ஒண்ணு எங் கொரலு எங்கிட்ட வந்துரும், இல்ல ஒரேயடியா இல்லாமப் போயிரும். போனாலும் போகட்டும், அடுத்தவுக கையில இருக்கறதுக்கு அது மேலு. ஆனா நீ... அந்த 'டுப்டுப்'பு சத்தம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்கவே கூடாது சாரு. யாரு கூப்புட்டாலும். வீடு தீப்புடிச்சாலும். எங் கொரலு வந்துச்சுன்னா நான் அங்க வந்து ஊரு கேக்கப் பேசி உன்னக் கூட்டிட்டு வந்து திருச்சியில சேக்குறேன்."

"சரிம்மா" என்றாள் சாருமதி.

பேராவூரணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முருகானந்தம் செட்டிங் போட்டான். மாமனாரைவிடக் கவனமாகப் போட்டான். ஃபேன், ஃபிரிட்ஜ், ஜன்னல், அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் நிறுத்தினான். சாருமதியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். அவள் முன்பே உதட்டை இறுக்கிக்கொண்டு சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தன் அம்மாவிடம் மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற தாயைப் போய் வாயை மூடு என்று எப்படிச் சொல்வது?

முன்பக்கம் மூன்றும் முடிந்தது. ஊஃபர் முடிந்தது. பின்பக்கத்து வலது முடிந்தது. "சாரூ..." என்று கொல்லையிலிருந்து வள்ளிக்கண்ணு கூப்பிட்டாள்.

அவ்வளவு தூரத்துச் சத்தம் மைக்கில் ஏறவில்லை. சாருமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டுக்கு வந்த நாள் முதலாக ஊர் அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே பாராட்டு, கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கிற மருமகள் என்பது. புதுப்பெண், மாமியார் கூப்பிட்டு இரண்டாம் முறை கூப்பிட வைக்கக் கூடாது. வைத்தால் வளர்த்தவளைத்தான் சொல்வார்கள். வள்ளிக்கண்ணு இரண்டாம் முறை கூப்பிட்டாள். கூடவே, "ஆத்தாக்காரி வளத்த லட்சணம்..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லைத் தாங்க மாட்டாமல் சாருமதியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இந்தா வந்துட்டேன் அத்தை."

'டுப்' என்றது பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்.

அதே வேளையில் அறந்தாங்கியில் பவளம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தொண்டையில் விக்கல் மாதிரி ஏதோ வந்து உட்கார்ந்தது. தண்ணீர் குடிக்கப் போனவள் செம்பைப் பாதியில் வைத்துவிட்டு, மெதுவாக, பயந்து பயந்து, "கொடுக்கலை" என்றாள். தன் வாயிலிருந்து வந்தது. கரகரவென்று, கொஞ்சம் உடைந்து, ஆனால் தன் வாயிலிருந்து, தன் நெஞ்சு அதிர வந்தது. "கொடுக்கலை, கொடுக்கலை" என்று அடுப்படியிலேயே நின்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"என்ன அங்க சத்தம்?" என்றார் அடைக்கலம். ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்த சுவருக்கு எதிரே உட்கார்ந்து, செல்போனில் ஏழு ஸ்பீக்கர் செட்டின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தவர், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கவனிக்கவில்லை.

பவளம் போன் போட்டாள். முருகானந்தம்தான் எடுத்தான். "அத்தை! உங்க கொரலா? வந்துருச்சா? ரொம்ப சந்தோசம் அத்தை. இங்க செட்டிங்கும் அருமையா அமைஞ்சிருச்சு, மாமாகிட்டச் சொல்லுங்க."

"சாருகிட்டக் குடுங்க தம்பி."

போன் கை மாறியது தெரிந்தது. மூச்சு கேட்டது. மூச்சு மட்டும்தான் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பிறகு வெகுதூரத்தில், அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, தண்ணீர் மாதிரித் தெளிவாக, அடியில் நல்ல கனத்தோடு சாருமதியின் குரல் வந்தது.

"அத்தை கூப்புட்டாகம்மா."

பவளம் போனுக்குள் கத்தினாள். "தம்பி! தம்பிகிட்டக் குடு! மறுபடி போடச் சொல்லு! மறுபடி அந்த மைக்க வச்சு..."

"எப்படி அத்தை? இப்ப அமைஞ்ச மாதிரி மறுபடி அமையாதுல்ல" என்றான் முருகானந்தம், மரியாதையாக. அவனுக்குப் பின்னால் சாருமதி அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடக் கூப்பிடக் குரல் தேய்ந்தது. ரிமோட் அவன் கையில் இருக்கிறது என்று பவளத்துக்குத் தெரிந்தது.

அவள் கட்டியிருந்த சேலையோடு தெருவில் இறங்கினாள். கீரைத்தண்டு விரலில் ஒட்டியிருந்தது. எம் மகள நான் கொடுக்கல, எல்லாரும் கேட்டீங்கல்ல, கேட்டுட்டுத்தானே தட்ட மாத்துனீங்க என்று கேட்டபடி, வீடு வீடாக வாசலில் நின்று, தன் சொந்தத் தொண்டையில் கத்தினாள். எல்லோரும் வெளியே வந்தார்கள். பவளத்துக்குக் குரல் திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னதான் இருந்தாலும் அந்த செட்டுல கேட்ட மாதிரி இல்ல" என்றார் ஒருவர்.

"ஆமா, கரகரங்குது. அடியில அந்தக் கனம் இல்ல."

கமருன்னிசா மிஷினை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்து, பவளத்தின் கையைப் பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள். மைக்கை எப்படி வைப்பது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று பவளம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டியோடு வந்த படம்போட்ட புத்தகத்தை அத்தனை நாளும் புரட்டிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். யார் தடுத்தாலும் தானே அமுக்குவது என்றும், அமுக்கும்போது அந்த வீட்டில் ஒரு ஈ கூட வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னாள். பேராவூரணி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் தலைக்குமேல் இருந்த ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கக் கையை வைத்துக்கொண்டு, எங்கே என்று கேட்டார்.

"பேராவூரணி" என்றாள் பவளம்.

கண்டக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, காதுல விழல."

"பேராவூரணி" என்று பவளம் மறுபடி சொன்னாள்.